முதல் கோள் நெபுலாவைப் படமெடுப்பது எப்படி?

வானத்தைப் படமெடுக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நிலாவில் ஆரம்பித்து, பால்வீதிக்குப் போய், அப்புறம் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தில் வந்து நிற்பார்கள். அடுத்து எதை எடுக்கலாம் என்று யாராவது கேட்டால், ஒரு கோள் நெபுலாவை எடுங்கள் என்றுதான் சொல்வேன். தயங்குகிறவர்கள் அதிகம். ரொம்பச் சின்னது, பெரிய தொலைநோக்கி வேண்டும், நமக்கு வராது என்று நினைக்கிறார்கள். சின்னது என்பது உண்மை. ஆனால் அந்தச் சின்ன இடத்துக்குள் ஒளி நெருக்கமாகக் குவிந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் படிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானாகப் புரியும்.

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், கோளுக்கும் இதற்கும் உறவே இல்லை. 1780-களில் வில்லியம் ஹெர்ஷெல் தன் தொலைநோக்கியில் பார்த்தபோது, இவற்றில் சில வட்டமான, மங்கலான சிறு தட்டுகளாகத் தெரிந்தன. அவரே 1781-இல் கண்டுபிடித்திருந்த யுரேனஸும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் இன்றும் போகவில்லை.

உண்மையில் இது வயதான ஒரு விண்மீன் கழற்றிப் போட்ட மேலாடை. சூரியனைப் போன்ற விண்மீன் கடைசிக் காலத்தில் செம்பெருமீனாக ஊதி, தன் வெளி அடுக்குகளை மெல்ல வெளியே தள்ளுகிறது. நடுவில் மிகச் சூடான கரு மட்டும் மிஞ்சும். பின்னால் அது வெண்குறுமீனாக அடங்கிவிடும். அதிலிருந்து வரும் புறஊதா ஒளி பட்டுத்தான் சுற்றியுள்ள வாயு ஒளிர்கிறது. வாயு விநாடிக்குச் சுமார் 20 முதல் 30 கி.மீ. வேகத்தில் விரிந்துகொண்டே போவதால், சில பத்தாயிரம் ஆண்டுகளில் எல்லாம் கலைந்து காணாமல் போய்விடும்.

அழகு எங்கிருந்து வருகிறது

கேமராவைத் தொடும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரியாமல் எடிட் செய்தால், படத்தில் இருக்கும் நல்லதை நாமே அழித்துவிடுவோம்.

முதலாவது, வடிவம். செம்பெருமீன் முதலில் மெதுவாக வாயுவை வெளியேற்றும். பிறகு வெளிப்பட்ட சூடான கருவிலிருந்து மிக வேகமான காற்று கிளம்பி, முன்னால் போய்க்கொண்டிருக்கும் மெதுவான வாயுவை இடித்துத் தள்ளிக் குவிக்கிறது. 1978-இல் சுன் குவோக்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் முன்வைத்த விளக்கம் இது. இப்படிக் குவிந்த ஓடு விளிம்பில் பளிச்சென்று தெரியும். சோப்புக் குமிழியை நினைத்துப் பாருங்கள். நடுவில் பார்வை மெல்லிய சவ்வை நேராகக் கடந்துவிடுகிறது. ஓரத்தில் அதே சவ்வின் வழியாக நீளவாக்கில் போவதால் விளிம்பு எடுப்பாகத் தெரிகிறது. நெபுலாவிலும் இதேதான். வளைய நெபுலாவின் நடுவே இருப்பதும் வெறும் ஓட்டை இல்லை, அங்கேயும் வாயு இருக்கிறது. பல கோள் நெபுலாக்கள் இருபக்கமும் சிறகு விரித்தது போலவோ, மணற்கடிகாரம் போலவோ இருப்பதற்கு நடு விண்மீனுக்கு ஒரு துணை விண்மீன் இருப்பது முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

இரண்டாவது, நிறம். 1864 ஆகஸ்ட் 29 அன்று வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ், பூனைக்கண் என்ற கோள் நெபுலாவின் ஒளியை நிறமாலைமானியில் பிரித்துப் பார்த்தார். விண்மீன் ஒளி போலத் தொடர்ச்சியான வானவில் வரவில்லை. சில தனிக் கோடுகள்தாம் தெரிந்தன. இது விண்மீன் கூட்டமில்லை, வாயு என்று அன்றைக்கே தெளிவாகிவிட்டது. ஆனால் மிகப் பிரகாசமான பச்சைக் கோடு எந்தத் தனிமத்துடையது என்று புரியவில்லை. பூமியில் இல்லாத புதுத் தனிமம் என்று நினைத்து அதற்கு நெபுலியம் என்று பெயரே வைத்தார்கள். 1927-இல் ஐரா போவன்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார். அது நமக்குத் தெரிந்த ஆக்ஸிஜனேதான், இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த நிலையில் மிக மிக அடர்த்தி குறைந்த வாயுவில் இருக்கும்போது அப்படி ஒளிர்கிறது.

அந்த ஆக்ஸிஜன் கோடு 500.7 நானோமீட்டரில் விழுகிறது. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே உள்ள இடம் அது. ஹைட்ரஜன்-ஆல்பா 656.3-இல் சிவப்பாக விழும், நைட்ரஜன் கோடுகள் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். சூடான கருவுக்கு அருகே ஆக்ஸிஜனிடமிருந்து இரண்டு எலெக்ட்ரான்களைப் பிடுங்கும் அளவுக்கு ஆற்றல் உள்ள ஒளி அதிகம். தள்ளிப் போகப் போக அது தீர்ந்துவிடும். அதனால் உள்ளே மயில்நீலம், வெளியே சிவப்பு என்று அடுக்கு பிரிகிறது. இந்த நிறங்களை யாரும் பூசவில்லை.

தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தால் இந்த நிறமெல்லாம் பெரும்பாலும் தெரியாது, சாம்பல் நிறப் புகைதான் தெரியும். இருட்டில் வேலை செய்யும் நம் கண் செல்கள் 500 நானோமீட்டர் பக்கத்தில்தான் கூர்மையாக உணர்கின்றன. அதனால் ஆக்ஸிஜன் ஒளி நன்றாகவே கண்ணில் படும், ஆனால் அந்தச் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. சிவப்பை அவை கண்டுகொள்வதே இல்லை. எனவே முதல்முறை கண்ணால் பார்த்து ஏமாற வேண்டாம், கேமரா பார்ப்பது வேறு.

எதில் தொடங்குவது

சந்தேகமே வேண்டாம், எம் 27. டம்பெல் நெபுலா என்று அழைப்பார்கள். 1764-இல் சார்ல் மெசியே என்ற வானியலாளர் கண்டது, ‘எம்’ என்பது அவருடைய பட்டியலைக் குறிக்கும். மனிதர் கண்ணில் முதன்முதலில் பட்ட கோள் நெபுலா இதுதான். பிரகாச எண் சுமார் 7.5 (எண் கூடக் கூட மங்கல் என்று பொருள்), நீளம் சுமார் 8 கலை. பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குக் கலை, விகலை புதிதல்ல. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழுநிலாவின் அகலம் சுமார் 30 கலை. அப்படிப் பார்த்தால் எம் 27 நிலாவின் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்.

கண்டுபிடிப்பதும் எளிது. திருவோண விண்மீனுக்கு (ஆல்டேர்) வடக்கே அம்பு வடிவில் ஒரு குட்டி விண்மீன் குழு இருக்கும், பெயரும் சஜிட்டா, அதாவது அம்பு. அதன் முனை விண்மீனிலிருந்து வடக்கே சுமார் 3 பாகை நகர்ந்தால் எம் 27. ஜூலை முதல் அக்டோபர் வரை மாலை வானத்தில் இது வசதியாகக் கிடைக்கும்.

அடுத்து எம் 57, வளைய நெபுலா. யாழ் விண்மீன் குழுவில், அபிஜித்துக்கு (வேகா) கீழே இருக்கும் பீட்டா, காமா என்ற இரண்டு விண்மீன்களுக்கு நடுவே இருக்கிறது. தேடவே வேண்டியதில்லை. ஆனால் வளையம் சுமார் 80 விகலைதான். ஹீலிக்ஸ் நெபுலா, அதாவது என்ஜிசி 7293, இதற்கு நேர் எதிர். சுமார் 650 ஒளியாண்டு தூரத்தில், கும்பத்தில் இருக்கிறது. பிரகாசமான பகுதி மட்டுமே நிலாவின் அகலத்தில் பாதி வரும். பெரியதுதானே, சுலபம் என்று நினைத்து நிறையப் பேர் அதில்தான் முதலில் கை வைப்பார்கள். ஒளி அவ்வளவு பரப்பிலும் சிதறிக் கிடப்பதால் அது மங்கல், நல்ல இருட்டு வானம் கேட்கும். அதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கருவியில் எவ்வளவு பெரியதாக வரும்

இந்தக் கணக்கைப் போடாமல் கிளம்பாதீர்கள். கேமரா பிக்ஸலின் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால், மி.மீ.-இல், வகுத்தால் ஒரு பிக்ஸலுக்கு எத்தனை விகலை என்று கிடைக்கும்.

4 மைக்ரான் பிக்ஸல், 600 மி.மீ. தொலைநோக்கி என்றால் சுமார் 1.4 விகலை வரும். அதில் எம் 27 ஏறக்குறைய 350 பிக்ஸல் நீளம் இருக்கும், தாராளம். எம் 57 வெறும் 58 பிக்ஸல். அதே கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் போட்டால் எம் 27 சுமார் 115 பிக்ஸலாகச் சுருங்கும், வடிவம் தெரியும். எம் 57 இருபது பிக்ஸல்கூட வராது, கொழுத்த விண்மீன் போல இருக்கும். நான் முதல்முறை 200 மி.மீ. லென்ஸில் எடுத்துவிட்டு, படத்தில் வளையமே இல்லை, தப்பான இடத்தை எடுத்துவிட்டேன் என்று அழித்துவிட்டேன். அது அங்கேதான் இருந்திருக்கிறது.

மற்ற நெபுலாக்களுக்கு அகலமான லென்ஸ் போதும் என்பார்கள், இங்கே குவியத் தூரம்தான் துணை. அதற்காக அளவில்லாமல் போகவும் வேண்டாம். வளிமண்டலத்தின் அலைவே பெரும்பாலான இரவுகளில் 2 முதல் 4 விகலை வரை படத்தைக் குழப்பிவிடும். தொடக்கத்தில் பிக்ஸலுக்கு 1 விகலைக்குக் கீழே இறங்குவதால் பலன் இல்லை.

கருவிகள்

ரா கோப்பு எடுக்கும் எந்த டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ் கேமராவும் போதும். வான்புகைப்படத்துக்குக் கேமராவைத் திறந்து உள்ளிருக்கும் ஃபில்டரை மாற்ற வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஃபில்டர் ஹைட்ரஜன்-ஆல்பாவின் பெரும்பகுதியைத் தடுக்கும் என்பது சரிதான். ஆனால் ஆக்ஸிஜன் கோட்டை அது தொடுவதில்லை. கோள் நெபுலாவில் பாதிக் கதை ஆக்ஸிஜன் என்பதால், மாற்றாத கேமராவுக்கும் இங்கே நல்ல படம் கிடைக்கும். அந்தச் செலவைத் தள்ளிப்போடுங்கள்.

பூமி சுழல்வதால் வானம் விநாடிக்குச் சுமார் 15 விகலை நகர்கிறது. அதை ஈடுகட்டும் ஈக்குவடோரியல் மவுண்ட் இருந்தால் பாதி வேலை முடிந்தது. துருவ அச்சை ஒழுங்காகப் பொருத்துவதற்குக் கால் மணி நேரம் செலவழித்தால், பின்னால் பல மணி நேரம் மிச்சமாகும். மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்பும் மவுண்ட் என்றால் படம் மெல்லச் சுழலும், ஒவ்வொரு ஷாட்டையும் 15, 20 விநாடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நெபுலா பளிச்சென்று இருப்பதால் அதுவே போதும். வெறும் முக்காலிதான் இருக்கிறது என்றால் 200 மி.மீ. லென்ஸில் ஒன்றரை விநாடி வீதம் பல நூறு ஷாட்கள் எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். எம் 27 நீலப்பச்சைத் துணுக்காக வந்துவிடும்.

ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகிய இரண்டு கோடுகளை மட்டும் விடும் டூயல்-பேண்ட் ஃபில்டர்கள் நகர வெளிச்சத்தில் பெரிய உதவி. இருந்தாலும் முதல் படத்தை ஃபில்டர் இல்லாமல் எடுக்கச் சொல்வேன், விண்மீன்களின் இயல்பான நிறம் கிடைக்கும். ஃபில்டர் இருக்கிறதே என்று நிலா நாளில் துணிந்து இறங்கினாலும், ஆக்ஸிஜன் பக்கம் நிலா வெளிச்சத்தால் அடிபடும். ஹைட்ரஜன் பக்கம் அவ்வளவு பாதிக்காது.

ஃபோகஸ்

பத்து கலைகூட இல்லாத பொருளில் ஃபோகஸ் மயிரிழை தவறினாலும் எல்லாம் போச்சு. பக்கத்தில் பிரகாசமான விண்மீன் ஒன்றைப் பிடியுங்கள், அபிஜித் நல்லது. லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, விண்மீன் மிகச் சிறிய புள்ளியாகும் வரை திருப்புங்கள். லென்ஸை ஆட்டோ ஃபோகஸிலிருந்து மாற்ற மறக்க வேண்டாம்.

இதைவிட நம்பகமான வழி பாட்டினோவ் மாஸ்க். கோடு கோடாக வெட்டிய தட்டு, அவ்வளவுதான். முன்னால் மாட்டினால் விண்மீனில் பெருக்கல் குறி போல இரண்டு கீற்றும், குறுக்கே ஒரு கீற்றும் தெரியும். குறுக்குக் கீற்று சரியாக நடுவில் வரும்போது ஃபோகஸ் சரி. அப்புறம் மாஸ்க்கைக் கழற்றுங்கள். சிரிக்காதீர்கள், மாஸ்க்கோடு ஒரு மணி நேரம் எடுத்தவன் நான்.

இரவு குளிரக் குளிர உலோகக் குழாய் சுருங்கி ஃபோகஸ் நகரும். மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

எடுப்பது

இலக்கு அடிவானத்திலிருந்து 40 பாகைக்கு மேலே ஏறிய பிறகு தொடங்குங்கள், தாழ்வாக இருக்கும்போது காற்றடுக்கு தடிமன். ஐஎஸ்ஓ-வை 6400-க்கு ஏற்றி 10 விநாடிக்கு ஒரு சோதனைப் படம் எடுத்து, நெபுலா நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். கணினி இணைத்திருந்தால் பிளேட் சால்விங், அதாவது படத்தில் உள்ள விண்மீன்களை வைத்து எந்த இடம் என்று கண்டுபிடிக்கும் முறை, இந்த வேலையை நொடியில் செய்துவிடும்.

சரி, அளவுகள். எஃப்/6 தொலைநோக்கியில் ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, ஒரு ஷாட்டுக்கு 60 விநாடி என்று ஆரம்பியுங்கள். ஹிஸ்டோகிராமின் மேடு இடதுபுறச் சுவரிலிருந்து விலகி, கால் பங்குக்கு அருகே வந்தால் போதும். ஷாட்டை நீட்டுவதைவிட எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஷாட்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானால் இரைச்சல் பாதியாகும். எம் 27-க்கு 2 மணி நேரம், அதாவது 120 ஷாட், முதல் முயற்சிக்கு நல்ல இலக்கு.

எம் 57, பூனைக்கண் போன்ற செறிவான நெபுலாக்களில் நடுப்பகுதி வெளுத்துப்போகும் ஆபத்து உண்டு. வெளுத்த இடத்தில் நிறத்தை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அவற்றுக்கு 10 விநாடி ஷாட்கள் ஒரு ஐம்பது தனியாக எடுத்து வையுங்கள், பின்னால் நடுப்பகுதிக்கு மட்டும் பயன்படும். சில ஷாட்டுக்கு ஒருமுறை சட்டகத்தை நாலைந்து பிக்ஸல் நகர்த்துவதை டிதரிங் என்பார்கள். தானாகச் செய்ய வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், சென்சாரின் நிலையான குறைகள் சேர்க்கும்போது மறைந்துவிடும்.

கிளம்பும் முன் இரண்டு வேலை. மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே நேரம், அதே குளிரில் 20 டார்க் ஷாட், சென்சாரின் குறைகளைக் கழிக்க. பிறகு தொலைநோக்கியின் வாயில் வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் கட்டி, சீரான வெளிச்சத்தில் 20 ஃபிளாட் ஷாட், தூசி வட்டங்களை நீக்க. ஃபிளாட் எடுக்கும்வரை கேமராவைத் திருப்பவோ கழற்றவோ கூடாது. நான் ஒருமுறை தூக்கம் தாங்காமல், காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டேன். மறுநாள் மாட்டி எடுத்த ஃபிளாட்டில் தூசி வட்டங்கள் வேறு இடத்தில் இருந்தன. படத்தில் ஒவ்வொரு வட்டமும் இரட்டையாக வந்தது.

சேர்ப்பதும் மெருகேற்றுவதும்

ஷாட்களைச் சேர்க்கும் மென்பொருள்களில் டீப் ஸ்கை ஸ்டாக்கர், சிரில் இரண்டும் இலவசம். எனக்குப் பழகியது சிரில். ஷாட்கள், டார்க், ஃபிளாட் எல்லாவற்றையும் அதனதன் கோப்புறையில் போட்டு உள்ளமைந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் சேர்த்துக் கொடுத்துவிடும். வரும் படம் கன்னங்கரேலென்று இருக்கும், பயப்பட வேண்டாம். எல்லாம் உள்ளேதான் இருக்கிறது.

முதலில் ஓரங்களை வெட்டுங்கள். பிறகு பின்னணிச் சாய்வை, அதாவது பின்னணியில் ஒரு பக்கம் கூடுதலாகத் தெரியும் வெளிச்சத்தை, நீக்குங்கள், அதற்கு வைக்கும் மாதிரிப் புள்ளி எதுவும் நெபுலாவின் மேல் உட்காராமல் பாருங்கள். அதன்பின் விண்மீன்களை வைத்து நிறத்தைச் சரிசெய்யும் கருவி. இவை முடிந்த பிறகுதான் ஸ்ட்ரெட்ச், அதாவது இருண்ட பகுதிகளை மேலே தூக்குவது. ஒரே இழுப்பில் செய்யாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். வளையத்தின் உட்புறம் வெளுக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

வழக்கமாகப் பாடங்களில் வரும் பச்சை நீக்கும் கருவியை இங்கே கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். ஆக்ஸிஜன் ஒளி சென்சாரின் பச்சை, நீலம் இரண்டிலும் பதிவாகிறது. பச்சையை முழுதாகச் சுரண்டினால் மயில்நீலம் போய்ச் செத்த ஊதா நிறம் மிஞ்சும். பின்னணியில் பச்சை இரைச்சல் இருந்தால் மென்பொருளில் நெபுலாவை மறைக்கும் மாஸ்க் போட்டு (ஃபோகஸுக்கு மாட்டிய தட்டு இல்லை) பின்னணிக்கு மட்டும், பாதி வலுவில் கொடுங்கள்.

கூர்மையாக்குவதும் நெபுலாவின் பிரகாசமான பகுதிக்கு மட்டும். விண்மீன்களைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். பின்னணியைச் சுத்தக் கறுப்பாக்கவும் வேண்டாம், மங்கலான வெளிப்புகை அதோடு சேர்ந்து போய்விடும். நடு விண்மீன் தெரிகிறதா என்று கடைசியில் தேடிப் பாருங்கள். எம் 27-இல் சிறிய தொலைநோக்கியிலேயே கிடைத்துவிடும். எம் 57-இல் அது சுமார் 15-ஆம் பிரகாசம், நல்ல ஃபோகஸும் அமைதியான காற்றும் இருந்தால்தான் வரும். 1886-இல் ஹங்கேரி வானியலாளர் ஜெனோ கோதார்ட் அதைக் கண்ணாடித் தகட்டிலேயே பதிவு செய்துவிட்டார் என்பதை நினைத்தால், நம் சென்சாரைக் குறை சொல்ல வாய் வராது.

ரா கோப்புகளை அழிக்காதீர்கள். அடுத்த மாதம் அதே கேமராவில் இன்னும் 2 மணி நேரம் எடுத்து இதோடு சேர்க்கலாம், அடுத்த ஆண்டும் சேர்க்கலாம். எம் 27-ஐச் சுற்றி மிக மெல்லிய வெளி ஓடு ஒன்று இருக்கிறது, அது வெளிவர மணிக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். என்னிடம் இப்போது ஒன்பது மணி நேரம் சேர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது.